பதினேழாவது போர்டு

ஜூன் 2, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. கூரியர் ஆள் வாசலில் வைத்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டான். உள்ளே இருபத்திரண்டு போர்டுகள். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவுதான். இதுவும் முழுக் கம்ப்யூட்டராம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு பட்டன்கூடக் கிடையாது.

தொலைபேசி இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் திருச்சியில் அபிநயா என்ற பெண் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு இந்த வேலையை ஒத்துக்கொண்டேன். எனக்கு மகள் வயது. அவள் என்னை சார் என்கிறாள், நான் அவளை மேடம் என்கிறேன்.

வேலை இதுதான். தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்தில் ஒரே முதலாளிக்கு இருபத்திரண்டு மருந்துக்கடைகள். ஒவ்வொரு கடையிலும் இன்சுலினும் தடுப்பு மருந்தும் வைக்கிற ஃபிரிட்ஜ் உண்டு. அதற்குள் ஒரு சென்சார், வெளியே ஒரு போர்டு. சூடு ஏறினால் கம்பெனிக்கும் எனக்கும் தகவல் வரும். போர்டைக் கடையின் வைஃபையில் சேர்த்துவிட வேண்டும்.

சேர்க்கிற விதத்தை அபிநயா போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் புளூடூத்தில் 'இங்கே இருக்கிறேன்' என்று கத்தும். போனில் ஆப்பைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். தொட்டால், போர்டுக்கு எட்டுகிற வைஃபை எல்லாம் பட்டியலாக வரும். வேண்டியதைத் தொட்டுப் பாஸ்வேர்டு போட்டால் பச்சைப் புள்ளி. ஒரு தடவை போட்டதை அது மறக்காது. அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் எங்கே பொருந்தினாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 3, செவ்வாய்

எதையும் வீட்டில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் வெளியே கொண்டுபோய் மாட்டுவது என் வழக்கம் இல்லை. இருபத்திரண்டையும் கூடத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக நம் வீட்டு வைஃபையில் சேர்த்தேன். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மூன்று மணி ஆகிவிட்டது. ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுக்காமல் முதல் நாற்பது நிமிடம் வீணாயிற்று. அதை யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டு வைஃபையின் பெயர் 'அப்பா தூங்குறார்'. தெருவில் யார் போனை எடுத்தாலும் பட்டியலில் இதுதான் முதலில் நிற்கும். எதிர்வீட்டு வரதராஜன் வாரம் ஒருமுறை, என்ன ஸ்வாமி எழுந்தாச்சா என்று கேட்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு மணி நேரம் படுப்பேன், அப்போது வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட உருட்டக்கூடாது. அதைக் கிண்டல் செய்து மகள் வைத்த பெயர். பாஸ்வேர்டும் அவள் போட்டதுதான்: ஒப்படைத்துவிட்ட பழைய தரைவழி போனின் நம்பர், ஊர்க் கோடோடு பதினோரு இலக்கம்.

மகள் மணிமொழி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடம் முன்பு ஜெரோம் என்று ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். போனால் இந்த வீட்டுக் கதவு உனக்கு இல்லை என்றேன். போய்விட்டாள். இதற்கு மேல் அவளைப் பற்றி இந்த நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

பெயரை மாற்றிவிடலாமே என்று வரதராஜன் சொன்னார். மாற்றினால் டிவி, இரண்டு போன், வாசல் கேமரா எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டும். யாருக்குப் பொழுது இருக்கிறது?

அமிர்தம் பழைய காட்டன் புடவைகளை எடுத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். கரித்துணிக்காம். இவ்வளவு கரித்துணி எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

இருபத்திரண்டும் பச்சை. மாட்டப் போகுமுன் நம் வீட்டு வைஃபையை ஒவ்வொன்றிலிருந்தும் அழித்துவிடச் சொல்லி அபிநயாவிடமிருந்து செய்தி. தஞ்சாவூர் வீட்டு வைஃபை பாபநாசத்துக்கா நடந்து வரப்போகிறது? அழிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒரத்தநாடு. ஆப்பின் பட்டியலில் கடையின் வைஃபை வரவே இல்லை. பக்கத்து நகைக்கடை வருகிறது, மாடியில் டியூஷன் சென்டர் வருகிறது, சொந்தக் கடை வரவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அவர்கள் ரூட்டரில் வேகமான அலையை மட்டும் வைத்திருக்கிறார்கள், இந்தப் போர்டின் காதுக்குப் பழைய அலைதான் கேட்கும். அதையும் திறந்துவிட்டேன். வந்தது.

பாஸ்வேர்டு கேட்டால் கடைக்காரர்கள் படும் வெட்கத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் என் காதில் வந்து சொன்னார். அவர் மனைவிக்குத் தெரியக்கூடாத பெயர் ஏதும் இல்லை, அவருடைய மாட்டின் பெயர்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஆறு கடை முடிந்தது. இன்று போகவில்லை. முழங்கால்.

அமிர்தம் விடியும் முன்பே எழுந்து புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என்று ஐந்து செய்தாள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு என்றாள். எந்தச் சொந்தம், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஐந்து மணி வாக்கில் காலித் தூக்கோடு வந்தாள். கையில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல், கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூசி என்றாள். எனக்கு ஒரு டப்பாவில் தயிர் சாதம் மிச்சம் வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

ஜூன் 18, புதன்

மன்னார்குடி. போர்டு எண் பதினேழு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பஸ் வடுவூரில் இருபது நிமிடம் நின்றதால் கடைக்குப் போகும்போது பதினொன்றரை. கடையில் நசீமா என்று ஒரு பார்மசிஸ்ட் அம்மா, ஐம்பது வயது இருக்கும், நல்ல சுறுசுறுப்பு. ஃபிரிட்ஜ் கடைசி அறையில். சென்சாரை நடுத்தட்டில் ஒட்டினேன், வயரைக் கதவு ரப்பர் ஓரமாக வெளியே எடுத்தேன், போர்டைச் சுவரில் திருகிக் கரண்ட் கொடுத்தேன். கடை வைஃபையின் பாஸ்வேர்டு முதலாளிக்குத்தான் தெரியும், அவர் வெளியூரில் இருக்கிறார், நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று நசீமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா ஆப்பைத் திறந்தேன்.

பச்சை.

இங்கே எதிலும் சேர்க்காத போர்டு எப்படிப் பச்சையாகும்? தொட்டுப் பார்த்தேன். 'அப்பா தூங்குறார்' என்று இருந்தது.

பழைய நினைவில் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடி அதே பெயர், அதே பச்சை. என் போனில் வைஃபையை எப்போதும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அணைத்துவிடுவேன், பேட்டரி நிற்கும். அதைப் போட்டுப் பார்த்தேன். என் போனும் ஒரு வார்த்தை கேட்காமல் போய் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். பதினோரு இலக்கமும் ஒன்றாக இருக்குமா?

லைனில் கோளாறு தேடுகிற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு சிக்னல் எங்கே ஏறுகிறது என்று பார்த்தபடி நடந்தேன். ஃபிரிட்ஜ் அறையில் இரண்டு கோடு, வாசலில் மூன்று. கடைக்குப் பக்கத்தில் மாடிக்குப் போகிற படி, அதன் அடியில் முழுக்கோடு. எதிர்ப் பக்கம் போய் நிமிர்ந்து பார்த்தேன். மாடி பால்கனிக் கொடியில் துணி காய்ந்தது. கிளிப்பச்சையில் மாம்பழ பார்டர் போட்ட காட்டன் புடவை. பாத்திரக்காரிக்குப் போட்டுவிட்டேன் என்று அமிர்தம் தை மாதம் சொன்ன புடவை.

வெயில் அதிகமாக இருந்ததால் திரும்பி வந்து கடைக் கூரையின் கீழ் பத்து நிமிடம் நின்றேன். மேலே கதவு திறக்கிற சத்தமும் பால்கனிக்கு யாரோ வேகமாக வருகிற சத்தமும் கேட்டது. கூரைக்கு வெளியே ஓரடி வைத்திருந்தால் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. வைஃபையை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

நசீமாவிடம் வேலை முடிந்தது என்று சொன்னேன். பாஸ்வேர்டு வேண்டாமா என்றார். நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றரை பஸ்.

ஜூன் 19, வியாழன்

பதினேழு பச்சை. அமிர்தத்திடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பச்சை.

ஜூன் 22, ஞாயிறு

ஒவ்வொரு போர்டும் எந்த வைஃபையில் இருக்கிறது என்று பட்டியல் அனுப்பச் சொன்னாள் அபிநயா. அனுப்பினேன். பதினேழுக்கு நேராகக் 'கடை' என்று எழுதினேன். நாளையோ மறுநாளோ மாற்றத்தான் போகிறேன், அதனால் பொய் என்று சொல்ல முடியாது.

பெயர் அதே, பாஸ்வேர்டும் அதே என்று அந்த மாடியில் இருப்பவள் ஏன் வைத்திருக்கிறாள் என்று யோசித்தேன். கம்ப்யூட்டர்காரர்கள் வீடு மாறினால் இப்படிச் செய்வார்களாம். பழைய பெயரையே புது ரூட்டருக்கும் வைத்துவிட்டால் லேப்டாப், போன் எதிலும் புதிதாக ஒன்றும் போட வேண்டாம். வசதிக்காகச் செய்தது. வேறு காரணம் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வீட்டில் மதியம் தூங்குகிற அப்பா யாரும் இல்லை.

ஜூன் 25, புதன்

சென்சார் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மன்னார்குடி போனேன். சரியாகத்தான் இருந்தது. அதை இங்கிருந்தே போனில் பார்த்திருக்கலாம்.

நசீமா டீ வரவழைத்தார். முதலாளியிடம் கேட்டு வைஃபை பாஸ்வேர்டை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஒரு காலேஜ் வாத்தியாரும் அவர் சம்சாரமும், ஒரு வருடமாக இருக்கிறார்கள், தங்கமான பிள்ளைகள் என்றார். அந்தப் பெண் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறதாம்.

"மாசமா இருக்கு சார் அந்தப் பொண்ணு. தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்குப் போகலையாம்மான்னு கேட்டேன். சிரிச்சுட்டு மாத்திரைய வாங்கிட்டுப் போயிடுச்சு."

டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பாஸ்வேர்டை இன்றும் போடவில்லை. நன்றாக ஓடுகிற லைனைத் தொடாதே என்பது இலாகாவில் நான் கற்ற பாடம். அந்தச் சீட்டு மணிபர்ஸில் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அமிர்தம் எங்கள் மணிமொழிக்காக ஏழாம் மாதத்திலேயே திருவையாற்றில் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் வில்வண்டி மாதிரி ஒரு வாடகைக் கார் பிடித்து வந்து, ரோட்டில் பள்ளம் வந்தால் இறங்கி நடந்து முன்னால் வழி பார்த்தாராம். நான்கூடக் கிண்டல் செய்தேன். இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மதியம் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

இருபத்திரண்டும் முடிந்தது. கடைசிக் கடை பேராவூரணி. அபிநயா வாழ்த்துச் சொன்னாள்.

காலை எழுந்ததும் போனில் பதினேழைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பச்சை என்றால் மேலே கரண்ட் இருக்கிறது, ரூட்டர் ஓடுகிறது, யாரோ வீட்டில் இருக்கிறார்கள். இருபத்தொரு கடையைப் பற்றி இப்படி யோசிப்பதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அமிர்தம் நன்னிலத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். தங்கைக்கு முதுகுவலியாம், திரும்பி வரப் பத்து நாள் ஆகலாமாம். பையில் அந்தக் கரித்துணி எல்லாம் மடித்து வைத்திருந்தாள். வசம்பு, காயப்பொடி டப்பா, புது ஃபிளாஸ்க். முதுகுவலிக்கு வசம்பு எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். நன்னிலம் பஸ் நிற்கிற இடத்துக்கு அவள் போகவில்லை. நான் பார்க்காத மாதிரித் திரும்பி வந்தேன்.

மூன்று நாளைக்குச் சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காலை ஆறு நாற்பதுக்குப் பதினேழு சிவப்பு.

கரண்ட் போயிருக்கும் என்று காத்திருந்தேன். ஏழு, ஏழரை. சிவப்பு. எட்டு மணிக்கு அபிநயா போன் செய்தாள். கடையை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள், புதிதாகத் தடுப்பு மருந்து வந்திருக்கிறது, என்ன சார் ஆயிற்று என்று கேட்டாள். போகிறேன் என்றேன். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் மாடிப் படியைத்தான் பார்த்தேன். மேலே பூட்டு. நசீமா சொன்னார்:

"விடிஞ்சும் விடியாமலும் ஆட்டோல கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். அவங்க அம்மாவும் கூட இருக்காங்க. அந்த வாத்தியார் சார் தெருமுனைக்குப் போனாலும் மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போவாரு."

கடைக்குள் கரண்ட் இருந்தது. ஃபிரிட்ஜ் ஓடியது. பக்கத்திலிருந்த சாதாரணத் தெர்மாமீட்டரில் சூடு சரியாக இருந்தது, கடை திறந்ததும் நசீமா அதை நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். நான் மணிபர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். ஆப்பைத் திறந்து, கடை வைஃபையைத் தொட்டு, பாஸ்வேர்டு போட்டேன். இரண்டே நிமிடம். பச்சை. இதைப் பதினைந்து நாள் முன்பே செய்திருக்கலாம். கடை திறக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல், குழந்தைகளுக்குப் போடுகிற மருந்து எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். தப்பு என்னுடையது.

பிறகு கடைக்கு வெளியே வந்து அமிர்தத்துக்குப் போன் செய்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றேன்.

பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது.

"நான் மன்னார்குடிலதான் இருக்கேன் அமிர்தம். அவ வீட்டுக்குக் கீழ. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு."

சொன்னாள். பிறகு வழக்கமான குரலில், "வர்றதுன்னா ஒரு ஃபிளாஸ்க் வாங்கிட்டு வாங்க. கொண்டு வந்தது கீழ விழுந்து உடைஞ்சு போச்சு" என்றாள்.

வாங்கினேன். நீலக் கலர், ஒரு லிட்டர்.

பெண் குழந்தை. காலை ஒன்பது இருபதுக்குப் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, பாவம்.

அறைக்குள் போனதும் என்ன பேசுவது என்று தெரியாமல் ஃபிளாஸ்கை நீட்டினேன். மணி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். இளைத்திருக்கிறாள். ஜெரோம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். உயரமான ஆள். மீசை இல்லை. அமிர்தம் வெந்நீர் வாங்கப் போனாள்.

மணிதான் முதலில் பேசினாள்.

"போன மாசம் பதினெட்டாந்தேதி எங்க ரூட்டர் லிஸ்ட்ல 'அப்பா போன்'னு வந்துச்சுப்பா. உங்க போனுக்கு அந்தப் பேரு வச்சதே நான்தானே. லேப்டாப்ப அப்படியே போட்டுட்டு பால்கனிக்கு ஓடி வந்து பார்த்தேன். தெருவுல யாரும் இல்ல."

நான் கடைக் கூரையின் கீழ் நின்றேன் என்று சொல்லவில்லை.

"உங்க போன் போயிடுச்சு. ஆனா தெரியாத பொட்டி ஒண்ணு அன்னையிலேர்ந்து ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. நம்ம வீட்டு நம்பர் தெரிஞ்ச பொட்டி. ஒரு தட்டு தட்டினா வெளிய தள்ளிடலாம்." குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "தள்ளல."

நானும் மாற்றவில்லை என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அபிநயாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வீட்டு வைஃபையைப் போர்டுகளிலிருந்து அழிக்காதது, பதினேழு வேறொரு வீட்டு வைஃபையில் ஓடியது, பட்டியலில் பொய் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். என் பேரில் வைத்திருந்த நம்பிக்கையில்தான் யாரையும் அனுப்பிச் சரிபார்க்கவில்லை என்றாள். அது நன்றாக உறைத்தது. இருபத்திரண்டு கடைக்கும் மறுபடி போய் அழித்துவிட்டு வர வேண்டும். சரி என்றேன். வேலையை விட்டு எடுக்கவில்லை.

யார் வீட்டு வைஃபை சார் அது என்று கடைசியில் கேட்டாள். மகள் வீடு என்றேன். மூன்று வருடத்தில் இந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்து இப்போதுதான் சொல்கிறேன்.

ஜூலை 12, சனி

மன்னார்குடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அமிர்தம் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"தலைப்பிரசவத்துக்கு நான் வந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். செய்யல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இப்பவாவது வா."

"கதவு எனக்கு இல்லன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

"எனக்கு மட்டும் தொறந்தா வரமாட்டேன். அவர் அன்னைக்கு நம்ம தெருமுனை வரைக்கும் வந்து, வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னு."

இது எனக்குத் தெரியாது. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதியம். தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

பதில் சொல்லுமுன் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். வெளியே பெஞ்சில் ஜெரோம் உட்கார்ந்திருந்தார். எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை 14, திங்கள்

ஒரத்தநாடு, பாபநாசம், நீடாமங்கலம். மூன்று கடையிலும் அழித்தேன். ஆப்பில் 'மறந்துவிடு' என்ற பட்டனைத் தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிச்சயமா என்று கேட்கிறது.

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, அதற்குள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அமிர்தம் போனில் சொன்னாள். மணி இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை என்றேன். சொல்லித் தொலையுங்களேன் என்று வைத்துவிட்டாள்.

சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாள் திறக்காத வாய்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஜெரோமுக்கு நானே போன் செய்தேன். நாளைக்குக் கார் சொல்லியிருக்கிறேன், மூன்று பேரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மூன்று பேரா என்றார். மணி, குழந்தை, அமிர்தம் என்று அவர் எண்ணுவது கேட்டது. நான்கு என்று திருத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சரி சார், கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றார். வாசல் வரை வருகிறேன், மீதியை அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மணி சொன்னதாகப் பிறகு அமிர்தம் போன் செய்தாள்.

வீட்டை ஒட்டடை அடித்தேன். மணியின் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன்.

ஜூலை 16, புதன்

கார் பதினொன்றேகாலுக்கு வந்தது. டிரைவரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லியிருந்தேன். ஒன்றரை மணி நேரப் பாதைக்கு இரண்டேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டானாம், அமிர்தம் அவனையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இறங்கினாள். எதிர்வீட்டு வரதராஜன் வாசலில் நின்று கொஞ்சமும் வெட்கமில்லாமல் பார்த்தார்.

ஆரத்தி எடுத்தது வரதராஜன் சம்சாரம். மணி குழந்தையோடு படியேறினாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

ஜெரோம் பைகளை இறக்கிக் கேட் அருகில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஒன்றரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார். கேட்டைத் தாண்டி ஓரடிகூட வைக்கவில்லை. நான் நிலைப்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. இருந்த இடத்தில் மரம் மாதிரி நிற்கிறேன்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் கிணுகிணுவென்று அடித்தது. ஒன்று, இரண்டு, வரிசையாக ஏழெட்டு. எடுத்துப் பார்த்தார். வீட்டை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். வைஃபை. தானா பிடிச்சுக்கிச்சு."

இந்த வீட்டில் காலே வைக்காத மனிதர். அவரிடம் பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. நம் வீடு அவரை உள்ளே எடுத்துவிட்டது, நான்தான் இன்னும் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

"வாசல்ல நின்னா சிக்னல் பத்தாது மாப்பிள்ளை" என்றேன். "உள்ள வாங்க."

பெரிய பையை நான் எடுத்தேன். முழங்கால் வலிக்கவில்லை.

சாப்பாடு இரண்டு மணிக்கு. அமிர்தம் பத்தியச் சமையல் தனியாக, எங்களுக்குத் தனியாக. பதினேழாவது போர்டில் கடை வைஃபை போனால் பிடித்துக்கொள்ள இன்னொன்று இருந்தால் நல்லது, மாடி வீட்டில் சம்மதித்தால் அந்த வைஃபையை மட்டும் அழிக்க வேண்டாம் என்று அபிநயா சொல்லியிருந்தாள். மணியிடம் கேட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மெயினை அணைக்காமல் போக வேண்டும் என்று மாப்பிள்ளைக்கும் சொல்லி வைத்தேன்.

மூன்று மணிக்குக் கூடத்தில் படுத்தேன். சமையலறையில் ஏதோ தட்டு விழுந்து உருண்டது. மாப்பிள்ளையின் கையிலிருந்துதான், கழுவிக் கொடுக்கிறேன் என்று போயிருந்தார். உடனே உள்ளறையிலிருந்து மணி, குழந்தையை எழுப்பாத குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"மெதுவா. அப்பா தூங்குறார்."

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.